பாளையத்துப் பொன்விழா மண்டபம்

ஆரியசாலையிலிருந்து கிழக்கேகோட்டையை அடைந்து, வடக்கு நோக்கிச் செல்லும் பெருஞ்சாலையில் புளிமூட்டையும் தலைமைச் செயலகத்தையும் கடந்தால் பாளையம் வரும். அங்கே ஓட்டுக் கூரையும் வளைவுச் சாளரங்களுமாக நிற்கும் பழைய மண்டபத்தை அறியாத திருவனந்தபுரத்துத் தமிழர் இலர். 'வி.ஜே.டி. ஹால்' என்று மூன்று தலைமுறையினர் அழைத்துப் பழகிய அம்மண்டபம், 2019ஆம் ஆண்டு முதல் மகாத்மா அய்யன்காளியின் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஓர் அரசியாரின் பெயர் நீங்கி ஓர் உழவரின் பெயர் அமைந்த இவ்வரலாறு, அரங்கம் என்பது யாருக்காக என்ற வினாவை நம்முன் வைக்கிறது.

விக்டோரியா பேரரசியாரின் ஆட்சிப் பொன்விழா 1887இல் நடைபெற்றது. அதன் நினைவாக நாட்டின் பல நகரங்களில் பொது மண்டபங்கள் எழுந்தன. சென்னையில் சிஷோம் என்னும் கட்டடக் கலைஞர் அமைத்த விக்டோரியா பொது மண்டபத்தை நாம் அறிவோம். பம்மல் சம்பந்த முதலியார் 1891இல் நிறுவிய சுகுண விலாச சபை பல்லாண்டுகள் தன் நாடகங்களை நடித்தது அங்கேதான். திருவிதாங்கூரில் ஸ்ரீமூலம் திருநாள் மகாராஜாவின் ஆட்சிக் காலத்தில், 1896இல், பாளையத்து மண்டபம் திறக்கப்பட்டது.

அக்காலத்துத் திருவனந்தபுரம் தமிழ் நாடக இலக்கியத்திற்கும் தாயகமாக விளங்கிற்று. மகாராஜா கல்லூரியில் தத்துவப் பேராசிரியராயிருந்த சுந்தரம் பிள்ளையவர்கள் தம் 'மனோன்மணீய'த்தை 1891இல் வெளியிட்டார். மண்டபம் திறந்த மறு ஆண்டே, 1897இல், அவர் மறைந்தார். தமிழகத்து இசை நாடகக் குழுக்கள் மலையாள நாட்டிலும் சுற்றி நடித்தன. அவற்றின் தாக்கத்தால் மலையாள இசை நாடகம் தழைத்தது. 1903இல் கே.சி. கேசவ பிள்ளை எழுதிய 'சதாராம' தமிழ் நாடகத்தைத் தழுவியதே. இரு மொழிக் கலைஞர்களும் ஒருவரையொருவர் கேட்டும் கண்டும் வளர்ந்த நகரம் இது.

எனினும் பாளையத்து மண்டபத்தின் பெரும்புகழ் நாடகத்தால் வந்ததன்று. 1904 அக்டோபரில் ஸ்ரீமூலம் பிரஜா சபை முதன்முதலாக இங்கே கூடிற்று. வட்டந்தோறும் தெரிந்தெடுக்கப்பட்டவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை கூடித் தத்தம் பகுதிக் குறைகளை அரசின் முன் எடுத்துரைத்தனர். தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு, செங்கோட்டை ஆகிய தமிழ் வட்டங்களும் அன்று திருவிதாங்கூரைச் சேர்ந்தவையே. சட்டம் இயற்றும் உரிமை அச்சபைக்கு இல்லை. ஆயினும் குடிமகன் எழுந்து நின்று பேச, திவான் அமர்ந்து கேட்கும் வழக்கம் இங்கே வேரூன்றிற்று.

நகருக்குத் தெற்கேயுள்ள வெங்கானூரில் 1863இல் பிறந்தவர் அய்யன்காளி. அவருடைய சமூகத்தார் பொதுச்சாலையில் நடக்கவும் பள்ளியில் சேரவும் தடை இருந்த காலம் அது. 1893இல் அவர் தலைப்பாகை அணிந்து வில்வண்டியேறித் தடுக்கப்பட்ட சாலையிலேயே சென்றார். 1907இல் சாதுஜன பரிபாலன சங்கத்தை அமைத்தார். 1911இல் சபைக்கு நியமனம் பெற்று, 1912 பிப்ரவரியில் இம்மண்டபத்தில் எழுந்து பேசினார். தம் மக்கள் குடியிருக்கும் மண்ணுக்கு உரிமையற்று, எந்நேரமும் வெளியேற்றப்படக் கூடியவராய் வாழ்வதை எடுத்துக்கூறி, அவர்களுக்கு நிலம் வேண்டினார். கல்விக்காகவும் தொடர்ந்து வாதாடினார். எழுத்தறிவு பெற வாய்ப்பளிக்கப்படாத அவர், இருபது ஆண்டுகளுக்கு மேல் அவ்வவையில் அமர்ந்தார். சாலையில் நடக்கக் கூடாதெனப்பட்டவர் அவையின் நடுவே நின்று பேசினார் என்பதைவிட இம்மண்டபத்திற்கு வேறு பெருமை வேண்டுமோ?

பெயர் மாற்றம் பழமையை அழிப்பதாகாதா என்று வினவுவோர் உளர். மண்டபம் எழுந்த காரணம் பொன்விழா. அது எய்திய பயன் அய்யன்காளி. காரணத்தை ஏடு காக்கும்; பயனைப் பெயர் காப்பதே முறை.

இன்று இங்கே நூல் வெளியீடுகளும், கண்காட்சிகளும், கலை நிகழ்ச்சிகளும், பாராட்டுக் கூட்டங்களும் நடைபெறுகின்றன. வெளியூரிலிருந்து வருவோர்க்குத் தம்பானூர் ரயில் நிலையமும் பேருந்து நிலையமும் அண்மையில் உள்ளன. பேருந்துகளும் ஆட்டோக்களும் ஓயாத பெருஞ்சாலை வாயிலருகே செல்கிறது. உயர்ந்த கூரையும் நெடிய சாளரங்களும் மின்விசிறி வருமுன்பே காற்றுக்கு வழி செய்தவை. இரவீந்திரநாதர் நூற்றாண்டையொட்டி வழுதக்காட்டில் எழுந்த தாகூர் அரங்கத்தைப் போல இது நாடகத்திற்கென்றே அமைந்ததன்று; சொற்பொழிவுக்கும் அவைக்கும் உரிய மண்டபம். இவ்வேறுபாட்டை அறிந்து நிகழ்ச்சியை அமைப்போர் ஏமாற்றம் அடையார்.

இருக்கை, விளக்கு, ஒலிபெருக்கி, வண்டி நிறுத்துமிடம் ஆகியவற்றை அரங்க வசதிகள் என்கிறோம். அவை வேண்டியவையே. ஆனால் முதியோர் தடுமாறாது ஏறும் படி, சக்கர நாற்காலிக்கு ஏற்ற சரிவு, எளிய சங்கத்தாலும் கொடுக்க இயலும் வாடகை, மலையாளத்தோடு தமிழிலும் 1912ஆம் ஆண்டின் செய்தியைக் கூறும் பலகை ஆகியவையும் வசதிகளே. வரவேற்கப்படாதிருந்த ஒருவரின் பெயரைத் தாங்கிய வாயில், எவரையும் தயங்க வைத்தல் ஆகாது. அவ்வாயிலைக் காப்பது அரசின் கடமை மட்டுமன்று. அம்மண்டபத்தில் கூடும் நம் போன்ற சங்கங்களின் கடமையுமாகும்.