தைத்தவளின் பெயர் எங்கே?

கொட்டாஞ்சேனையில் எங்களுக்குத் தெரிந்த ஒரு தையல் அன்ரி இருக்கிறார். நாங்கள் ஆறு பேர் சேர்ந்து ஒரு துண்டுத்துணிப் போர்வை (குயில்ட் எண்டு சொல்லுவார்களே, அதுதான்) தைக்க வெளிக்கிட்டபோது, வெட்டுத்துண்டு கேட்டு முதலில் போனது அவரிடம்தான். ஒரு உரப்பை நிறையத் தந்தார். நாங்கள் கோணல்மாணலாய்த் தைத்ததைப் பிரித்து, எப்படித் தைக்கிறது எண்டு காட்டியும் தந்தார். கடைசியில், "பின்பக்கத்தில உங்கட பேரையும் போடுறம் அன்ரி" எண்டோம். அவருக்குச் சிரிப்பு. "என்ட பேர் எதுக்கு மகள்? நான் என்ன ஆர்ட்டிஸ்டா?"

எங்களுக்கு உடனே பதில் வரவில்லை. அந்தப் பதிலைத் தேடித்தான் இந்தக் கட்டுரை.

முதலில், குயில்ட் எண்டால் என்ன? மேலே ஒரு துணி, நடுவில் பஞ்சோ பழந்துணியோ, கீழே இன்னொரு துணி. மூன்றையும் சேர்த்து ஊசி ஏறி இறங்க நூலோடினால் அது குயில்ட். வங்காளத்துப் பெண்கள் பழஞ்சீலைகளை அடுக்கித் தைக்கும் காந்தாவும் இந்த இனம்தான். எங்கள் அம்மம்மாமார் மெலிந்துபோன நூல்சீலையை மடித்துத் தைத்துப் பிள்ளைக்கு விரித்ததும் இதற்குச் சொந்தம்தான். குளிருக்குப் போர்த்தாமல், ஒன்றைச் சொல்லுவதற்காகத் தைத்துச் சுவரில் மாட்டினால் அதைக் கலைக் குயில்ட் எண்டு சொல்லுகிறார்கள். தையல் ஒன்றுதான். மாறுவது யார் சொல்லுகிறார், யார் பெயர் நிற்கிறது எண்ட விசயம்.

இனி வெள்ளவத்தைக்கு வருவோம். இப்போது ஹேவ்லொக் சிட்டி எண்டு உயர உயரமாய் வீடுகள் நிற்கிற அந்தப் பெரிய வளவு, ஒரு காலத்தில் வெள்ளவத்தை நூற்பு நெசவு ஆலை. பஞ்சு நூலாகி, நூல் துணியாகி வெளியே போன இடம். அங்கே வேலை செய்தவர்களில் பெரும்பாலானோர் மலையாளிகள். 1933இல் அவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அந்தக் காலத்தில் கொழும்புத் தொழிலாளரின் பெருந்தலைவராக இருந்த ஏ. ஈ. குணசிங்க அதற்கு எதிராக நின்றார். பிலிப் குணவர்தனவும் கொல்வின் ஆர். டி சில்வாவும் தொழிலாளர் பக்கம் நின்றார்கள். இரண்டு வருசம் கழித்து, 1935இல், லங்கா சமசமாஜக் கட்சி பிறந்ததற்கு இந்த ஆலைப் போராட்டமும் ஒரு காரணம். தலைவர்களின் பெயர் எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. தறியில் நின்றவர்கள் "ஆலைத் தொழிலாளர்" எண்ட ஒரே சொல்லுக்குள் அடங்கிப் போனார்கள்.

வீட்டுக்குள்ளும் துணி வேலை நடந்தது. சிங்கர் கம்பனி இலங்கைக்கு வந்தது 1877இல். மெல்ல மெல்லத் தையல் மெஷின் சீதனச் சாமான்களில் ஒன்றாகியது. கையில் வேறு காசு வராத எத்தனையோ பெண்களுக்கு அந்தக் கால்மெஷின்தான் உழைப்பு. 1977க்குப் பிறகு பொருளாதாரம் திறந்துவிடப்பட்டது. 1978இல் கட்டுநாயக்க வலயம் வந்தது. 1992இல் பிரேமதாச 200 ஆடைத் தொழிற்சாலைத் திட்டத்தைத் தொடங்கினார். இன்றைக்கு நாட்டின் பண்ட ஏற்றுமதி வருமானத்தில் ஐந்தில் இரண்டு பங்கு அளவு ஆடைகளிலிருந்து வருகிறது. அங்கே ஒரு சட்டையை ஒருத்தி முழுதாய்த் தைப்பதில்லை. ஒருத்தி கொலர், ஒருத்தி கை, இன்னொருத்தி பொத்தான். கழுத்துப் பட்டியில் கம்பனியின் பெயர் இருக்கும், நாட்டின் பெயரும் இருக்கும். தைத்தவளின் பெயர் மட்டும் இருக்காது.

சரி, அது தொழிற்சாலை. கலை எண்டு ஒத்துக்கொண்ட இடத்தில் என்ன நடந்தது?

கொட்டாஞ்சேனைக்காரருக்கு குட் ஷெப்பர்ட் கொன்வென்ட்டைத் தெரியாமல் இருக்காது. அந்தச் சபையின் கன்னியாஸ்திரிகள் ஆதரவில்லாத பெண்களுக்கு நெசவு பழக்கினார்கள். அந்த வேலைக்கு வடிவமைப்பில் உதவும்படி 1960களில் பார்பரா சன்சோனியைக் கேட்டது சபையின் தலைவியாக இருந்த ஒரு ஐரிஷ் கன்னியாஸ்திரி. அதிலிருந்து வளர்ந்ததுதான் காலி வீதியில் இருக்கிற பெயார்ஃபூட். நீலத்துக்குப் பக்கத்தில் செம்மஞ்சள், அதற்குப் பக்கத்தில் பச்சை எண்டு துணிந்து அடுக்கிய சன்சோனி 2022இல் காலமானார். நிறத்தை இப்படியும் பார்க்கலாம் எண்டு கொழும்புக்குக் காட்டியவர்களில் அவர் முக்கியமானவர்.

அதே காலத்தில் ஈனா டி சில்வா பத்திக்கைக் கையில் எடுத்தார். அல்பிரட் பிளேசில் ஜெஃப்ரி பாவா அவருக்குக் கட்டிக்கொடுத்த வீட்டில்தான் வேலை நடந்தது. மகன் அனில் ஜயசூரியவும் லக்கி சேனாநாயக்கவும் கூட நின்றார்கள். பாவாவின் பெந்தோட்டை பீச் ஹோட்டலுக்குக் கூரை முழுக்கப் பத்திக் செய்து கொடுத்தார்கள். பின்னர் தன் ஊரான மாத்தளை அலுவிகாரையில் ஊர்ப் பெண்களோடு சேர்ந்து தையல் வேலையையும் வளர்த்தார்.

இரண்டு பேரும் பெரியவர்கள், அதில் சந்தேகமில்லை. ஆனால் தறியிலும் ஊசியிலும் இருந்த கைகள் நூற்றுக்கணக்கானவை. அந்தக் கைகளின் பெயரைச் சொல்லச் சொன்னால் எங்களால் ஒன்றைக்கூடச் சொல்ல முடியவில்லை.

இது எங்கள் ஊரின் பிழை மட்டுமில்லை. 1971இல் நியூயோர்க்கின் விட்னி அருங்காட்சியகம் பழைய அமெரிக்கக் குயில்ட்களை ஓவியம்போல் சுவரில் தொங்கவிட்டது. சனம் வாய்பிளந்து பார்த்தது. சேகரித்தவர்களின் பெயர் தெரிந்தது, தைத்தவர்களின் பெயர் பெரும்பாலும் இல்லை. 1973இல் பட்ரீசியா மைனார்டி எண்ட கலை வரலாற்றாசிரியர் இதைக் கேள்வி கேட்டு எழுதினார். தைத்த பெண்கள் பலர் பெயரும் திகதியும் போட்டுத்தான் வைத்திருந்தார்கள், பார்த்தவர்கள்தான் தேடவில்லை எண்டார்.

பெயரைத் துணியின் முன்பக்கத்துக்கே கொண்டுவந்தவர் ஃபெயித் ரிங்கோல்ட். ஹார்லமில் பிறந்த கறுப்பினப் பெண். ஓவியராகத்தான் தொடங்கினார். தாய் வில்லி போசி உடுப்புத் தைத்து வடிவமைப்பவர். 1980இல் தாயும் மகளும் சேர்ந்து முதல் குயில்ட்டைச் செய்தார்கள். அடுத்த வருசம் தாய் இறந்துபோனார். ரிங்கோல்ட் எழுதிய சுயசரிதையை வெளியிட அப்போது ஆள் கிடைக்கவில்லை. அதனால் கதையைத் துணியிலேயே எழுதத் தொடங்கினார். அவரது முதல் கதைக் குயில்ட் வந்த வருசம் 1983.

1983 எண்டதும் வெள்ளவத்தையில் வளர்ந்தவர்களுக்கு வேறொன்று ஞாபகம் வரும். ஜூலை 25 காலை காலி வீதிக்கு வந்த கும்பல்களின் கையில் வாக்காளர் பட்டியல் இருந்தது. எந்த வீட்டில் தமிழ்ப் பெயர் இருக்கிறதோ அந்த வீடு எரிந்தது. புடவைக்கடைகளும் எரிந்தன. பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரி அகதி முகாம் ஆனது. பிறகு கப்பல் ஏறி வடக்குக்குப் போனார்கள். அந்த நாளைப் பற்றி எங்கள் வீடுகளில் திரும்பத் திரும்பக் கேட்ட வசனம் ஒன்றுதான்: "உடுத்த உடுப்போட வந்தனாங்கள்."

இந்த நகரத்தில் பெயர் எண்டது ஒருகாலம் ஆபத்து. பெயரை மறைத்துத்தான் பலர் தப்பினார்கள். "என்ட பேர் எதுக்கு?" எண்ட சிரிப்புக்குப் பின்னால் அடக்கம் மட்டும்தான் இருக்கிறது எண்டு நாங்கள் நினைத்தது பிழை. சிலியில் 1973 சதிப்புரட்சிக்குப் பிறகு, காணாமலாக்கப்பட்டவர்களின் தாய்மாரும் மனைவிமாரும் துணித்துண்டுகளில் தங்கள் கதையைத் தைத்து வெளிநாட்டுக்கு அனுப்பினார்கள். அவற்றில் அநேகமானவற்றில் பெயர் இல்லை. போட்டிருந்தால் பிடித்துக்கொண்டு போயிருப்பார்கள். ஆக, பெயர் போடாததும் சிலநேரம் ஒரு தெரிவு. யார் அந்தத் தெரிவைச் செய்கிறார் எண்டதுதான் கேள்வி.

இப்போது எங்கள் தலைமுறையில் அந்த ஊசியைத் தன் பெயரோடு எடுத்திருப்பவர் ஹேமா ஷிரோனி. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கலை படித்தவர். வீட்டையும் இடம்பெயர்வையும் துணியில் நூலால் வரைகிறார். அவரது வேலைகளைக் கொழும்புக் காட்சியறைகளிலும் பார்க்கலாம். பார்க்கக் கிடைத்தால் முன்பக்கத்தோடு நிற்காதீர்கள். தையலைக் கிட்டப் போய்ப் பாருங்கோ, ஒவ்வொரு நூலும் எவ்வளவு நேரம் எண்டு விளங்கும்.

நாங்கள் ஆறு பேரும் இன்னும் கலைஞர்கள் இல்லை. ஆனால் ஒரு போர்வைக்குள் சிலதைப் படித்தோம். முதல் மாதம் வடிவான டிசைனைப் பார்த்துப் பிரதி எடுத்தோம், நல்லாய் வரவில்லை. கைத்தையல் நேராய் வர இரண்டு மாதம் எடுத்தது. பிறகுதான் வீட்டில் கிடந்த துணிகளைக் கொண்டுவந்தோம். ஒருவரின் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டை, இன்னொருவரின் அப்பாவின் சாரம், 83க்குப் பிறகும் கிழியாமல் இருந்த ஒரு அம்மம்மாவின் சீலை முந்தானை. எதை எதற்குப் பக்கத்தில் வைக்கிறது எண்டு சண்டை பிடித்த நாளில்தான் போர்வை எங்கட போர்வை ஆனது. தையல் பழகுவதும், சொல்ல ஒன்று இருக்கிறது எண்டு கண்டுபிடிப்பதும் இரண்டு வேறு வேலைகள். இரண்டாவது வேலையை யாரும் காட்டித்தர முடியாது.

நீங்களும் தொடங்கலாம். காசு பெரிதாய்த் தேவையில்லை. ஊசி, நூல், பழைய பெட்ஷீற் ஒன்று, பக்கத்துத் தையல்கடை வெட்டுத்துண்டு, அவ்வளவுதான். முடித்ததும் பின்பக்கத்தில் ஒரு சின்ன வெள்ளைத்துணி வைத்துத் தையுங்கள். யார் தைத்தது, எந்த ஊர், எந்த வருசம், யார் தந்த துணி எண்டு அதில் எழுதுங்கள். ஆனால் பெயர் போடமுன்னம் அந்தந்த ஆளிடம் கேளுங்கள்.

நாங்கள் அன்ரியிடம் திரும்பப் போனோம். இந்தக் கதையெல்லாம் சொன்னோம். மெஷினை நிறுத்தாமலே கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் அந்த வெள்ளைத்துணியை வாங்கி, சிவப்பு நூல் கோர்த்து, தன் முதலெழுத்தோடு பெயரை அவரே தைத்தார். எங்கள் ஆறு பேரின் எழுத்தையும்விட அது நேராய் இருக்கிறது.