தாவோஸ் பனிக்கணக்கு

ஸ்விட்ஜர்லாந்தில் தாவோஸ் ஊருக்கு மேலே, வைஸ்ஃப்ளூயோக் என்கிற மலைக்கணவாயை ஒட்டி, கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,540 மீட்டர் உயரத்தில், ஓரளவு சமதளமான ஒரு துண்டு நிலம் இருக்கிறது. அதில் அளவுகோடுகள் போட்ட ஒரு கம்பம் நட்டிருக்கிறார்கள். 1936லிருந்து குளிர்காலத்தின் ஒவ்வொரு நாளும் காலையில் அந்தக் கம்பத்தில் பனி எத்தனை சென்டிமீட்டர் வரை ஏறியிருக்கிறது என்று பார்த்து எழுதி வருகிறார்கள். யுத்த வருஷங்களிலும் எழுதியிருக்கிறார்கள். உலகத்தில் இத்தனை உயரத்தில், ஒரே இடத்தில், இவ்வளவு நீண்ட பனிக்கணக்கு வேறு அதிகம் கிடையாது.

இந்தக் கணக்கைப் பற்றி எழுத நினைத்தபோதே பாஷை தகராறு செய்கிறது. நமக்குப் பனி என்றால் புல்நுனியில் இருக்கிற துளி. முன்பனி, பின்பனி என்று பருவங்களுக்குப் பெயர் வைத்தவர்கள் மார்கழியில் தலையில் துணி சுற்றிக்கொண்டு போனவர்கள். சென்டிமீட்டர் கணக்கில் அளந்தவர்கள் இல்லை. அள்ளக்கூடிய, மேலே நடக்கக்கூடிய, ஒரு வீட்டைப் புதைக்கக்கூடிய பனிக்குத் தமிழில் தனியாக ஒரு சொல் இல்லை. இமயத்தைப் பாடியவர்களும் அது தெரிகிற தூரத்திலிருந்துகூடப் பாடவில்லை. நானும் பனியைத் தொட்டதில்லை. ஆகவே அதே பழைய சொல்லைத்தான் இந்தக் கட்டுரை முழுக்கப் பயன்படுத்துகிறேன். படிப்பவர்கள் துளியை மறந்துவிட வேண்டும்.

தாவோஸ் விற்றது முதலில் பனியை அல்ல, காற்றை. 1848 புரட்சியில் கலந்துகொண்டுவிட்டு ஜெர்மனியிலிருந்து தப்பி வந்த அலெக்ஸாண்டர் ஷ்பெங்லர் என்பவர் 1853இல் அங்கே வைத்தியரானார். 1,560 மீட்டர் உயரத்தில் இருந்த அந்தப் பள்ளத்தாக்கு மக்களிடம் காசநோய் இல்லை என்று அவருக்குப் பட்டது. 1865 பிப்ரவரியில், எல்லோரும் கீழே இறங்க விரும்புகிற மாதத்தில், இரண்டு ஜெர்மானிய நோயாளிகள் - ஒருவர் வைத்தியர், இன்னொருவர் புத்தக வியாபாரி - பனிக்குள் பயணம் செய்து அங்கே வந்து சேர்ந்தார்கள். குளிர்கால சிகிச்சை அன்றுதான் ஆரம்பம். பிறகு ஹோல்ஸ்போயர் என்கிற டச்சுக்காரர் வந்தார். கப்பலில் இருந்தவர், பின்னால் லண்டனில் வங்கி நிர்வாகத்தில் இருந்தவர். நோயாளி மனைவியோடு வந்தார். மனைவி இறந்துபோனார், அவர் ஊரை விட்டுப் போகவில்லை. சிகிச்சை விடுதி கட்டினார், ரயில் கொண்டுவந்தார். 1890இல் ரயில் தாவோஸை எட்டியது. ஒரு மனிதன் தனக்குப் பலிக்காத மருந்தை ஊருக்கே தொழிலாக்கினான் என்று இதை ஏளனமாகவும் சொல்லலாம். எனக்கு அப்படிச் சொல்லத் தோன்றவில்லை.

வானிலையே சரக்காக இருக்கிற ஊரில் வானிலையைப் பற்றி எழுதுவதும் விளம்பரமாகத்தான் ஆகும். எகிப்துக்குப் போவதாக உத்தேசித்து 1877இல் வழியில் தாவோஸில் தங்கிய ஜான் அடிங்டன் ஸைமண்ட்ஸ் அங்கேயே குடியேறினார். மறுவருஷம் தாவோஸ் குளிர்காலம் பற்றி லண்டன் பத்திரிகையில் அவர் எழுதிய கட்டுரை ஆங்கிலேய நோயாளிகளைக் கூட்டம் கூட்டமாக அனுப்பிவைத்தது. ஸ்டீவன்ஸன் இரண்டு குளிர்காலங்கள் இருந்து 'ட்ரெஷர் ஐலண்'டை முடித்தார். கானன் டாய்ல் தன் மனைவியின் காசநோய்க்காக வந்து, பொழுது போகாமல், உள்ளூர் சகோதரர்கள் இருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு 1894 மார்ச்சில் மரப்பலகைகளைக் காலில் கட்டி அரோஸாவுக்கு மலை தாண்டினார். அதையும் ஒரு பத்திரிகையில் எழுதினார். நோயாளியின் கணவன் பொழுதைப் போக்கச் செய்த காரியம் பின்னால் அந்த ஊரின் ஜீவனம் ஆயிற்று.

தாமஸ் மன் 1912 மே-ஜூனில் மனைவியைப் பார்க்க வந்து மூன்று வாரம் தங்கினார். 1924இல் வெளியான 'மாய மலை' நாவலில் பனி என்றே ஒரு அத்தியாயம் இருக்கிறது. கதாநாயகன் பலகைகள் வாங்கி யாருக்கும் சொல்லாமல் போய்ப் புயலில் மாட்டிக்கொள்கிறான். அந்த அத்தியாயத்தின் தத்துவத்தைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். என்னை இழுத்தது வேறு இடம்: குளிர்காலத்தில் ஷாட்ஸால்ப் சானடோரியத்திலிருந்து பிணங்களைச் சறுக்கு வண்டியில் கீழே இறக்குகிறார்கள் என்று போகிறபோக்கில் ஒருவன் சொல்லுகிற இடம். சுகம் தருகிறது என்று விற்கப்பட்ட பனிக்கு அங்கே இன்னொரு உபயோகம் இருந்தது. ஊர் வெளியிட்ட எந்த அறிக்கையிலும் இது வந்திருக்காது.

விளம்பரத்துக்கு நடுவே முதலில் ஒரு கருவியை வைத்தவர் கார்ல் டோர்னோ. கோனிக்ஸ்பெர்க் நகரத்துப் பணக்காரர். இவரும் மகளின் காசநோய்க்காக வந்தவர்தான். தாவோஸ் வெயில் நல்லது என்று எல்லா வைத்தியர்களும் சொல்லிக்கொண்டிருந்தபோது, வெயிலில் என்ன நல்லது, எவ்வளவு, எந்த மணிக்கு என்று கேட்டு, 1907இல் சொந்தப் பணத்தில் ஒரு ஆராய்ச்சி நிலையம் ஆரம்பித்துச் சூரியக் கதிர்வீச்சை அளந்தார். 1971லிருந்து உலகக் கதிர்வீச்சு மையம் அங்கேதான் இருக்கிறது. சரக்கை விற்றவர்கள் சொன்ன உரிச்சொல்லுக்கு அடியில் அவர் ஒரு எண்ணை எழுதிப் பார்த்தார். அதற்குமேல் அவரைப் பற்றி இங்கே சொல்ல வேண்டியதில்லை.

பின்னால் ஸ்ட்ரெப்டோமைசின் வந்தது, நோயாளிகள் போனார்கள், சானடோரியங்கள் ஹோட்டல்களாயின, ஷாட்ஸால்பும்தான். ஆனால் அதற்கு முன்னாலேயே ஊர் தயாராகிவிட்டது. 1931-32இல் பார்ஸென் மலைக்கு, வைஸ்ஃப்ளூயோக் வரை, கம்பிவட ரயில் போட்டார்கள். 1934 கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் எர்ன்ஸ்ட் கான்ஸ்டம் என்கிற இன்ஜினீயர் போல்கன் சரிவில் ஒரு யந்திரத்தை ஓட்டிக் காட்டினார்: தொங்குகிற ஒரு கட்டையில் பின்புறத்தைச் சாய்த்துக்கொண்டால் அது சறுக்குபவர்களை மேலே இழுத்துக்கொண்டு போகும். ஏறுகிற சிரமம் நீங்கியதும் இறங்குவதை எண்ணி விற்க முடிந்தது. பனி ஆழத்துக்கு விலை வந்தது அப்போதுதான்.

அந்த ரயில் இல்லாவிட்டால் நான் முதலில் சொன்ன கம்பமும் இல்லை. இது எனக்கு ரொம்ப முக்கியமாகப் படுகிறது. ரயில்பாதை, காடு, நீர்மின் நிலையம், சுற்றுலா எல்லாவற்றையும் பனிச்சரிவு தாக்கியதால் 1931இல் ஸ்விஸ் அரசு ஒரு ஆராய்ச்சிக் குழு அமைத்தது. அந்தக் குழுவின் ஆட்கள் 1936இல் வைஸ்ஃப்ளூயோக்கில் மரத்தாலும் பனியாலும் ஒரு குடிசை போட்டுக்கொண்டு வேலை செய்தார்கள். ஏன் அங்கே? மேலே போகத் தினமும் வண்டி இருந்தது. சறுக்கிக் களிக்கப் போன பயணிகளின் ரயிலில்தான் பனியை அளக்கிறவனும் போனான். வியாபாரம் அசுத்தம், விஞ்ஞானம் சுத்தம் என்று பிரித்துவிடுகிற சௌகரியம் இங்கே நமக்குக் கிடைக்காது.

அவர்கள் கண்டுபிடித்தது என்ன? 1939இல் பாடர், ஹேஃபெலி முதலானவர்கள் சேர்ந்து வெளியிட்ட புத்தகத்தின் பெயரே 'பனியும் அதன் உருமாற்றமும்'. விழுந்த பனி விழுந்தபடி இருப்பதில்லை. ஆறு கிளை நட்சத்திரமாக வருகிற படிகம் சில நாட்களில் கிளைகளை இழந்து மொட்டையான உருண்டையாகிறது, உருண்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன, பனி அமுங்குகிறது. ராத்திரி முப்பது சென்டிமீட்டர் விழுந்தால் கம்பத்தில் முப்பது ஏறாது. அதனால்தான் புதுப்பனிக்குத் தனியாக ஒரு வெள்ளைப் பலகை. இருபத்துநாலு மணி நேரத்தில் அதன்மேல் விழுந்ததை அளந்துவிட்டு, துடைத்து, பனிமட்டத்தின்மேல் மறுபடி வைக்கிறார்கள். பலகைக் கணக்கை எல்லாம் கூட்டினால் கம்பத்தின் கணக்கு வராது. இரண்டும் உண்மை.

இன்னொரு மாற்றமும் உண்டு, பயங்கரமானது. பனிப்படுகையின் அடி, மண்ணை ஒட்டி, ஏறக்குறைய பூஜ்யம் டிகிரியில் இருக்கும். மேல்பரப்பு கடுங்குளிரில் இருக்கும். பனி மெல்லியதாக, வானம் தெளிவாக இருக்கிற நாட்களில் இந்த வித்தியாசம் அதிகம். அடியிலிருந்து நீராவி மேலே ஏறி வழியில் உறைந்து, கிண்ணம்போலக் குழிந்த பெரிய படிகங்களாகிறது. அவை ஒன்றோடொன்று ஒட்டாது. கையில் அள்ளினால் சீனிபோல உதிருமாம். சுற்றுலாக்காரர்கள் 'அருமையான வெயில்' என்று கடிதம் எழுதுகிற நாட்களில்தான் கீழே இது நடக்கிறது. பிறகு ஒரு வாரம் நல்ல பனி கொட்டி, கம்பத்தில் எண் திருப்தியாக ஏறுகிறது. உதிரியான அடுக்கின்மேல் கனமான அடுக்கு. ஒரு ஆளின் எடை போதும். கம்பத்தின் எண் இதைச் சொல்லாது. அதற்காகத்தான் மாதத்தில் இரண்டு தடவை பனியில் தரைவரை குழி தோண்டி, அடுக்கு அடுக்காகக் கடினம், படிகத்தின் உருவம், வெப்பம் எல்லாம் குறித்தார்கள். டிசம்பர் வெயில் மார்ச் மாதத்தில் ஆளைக் கொல்லுகிற விதம் அந்தக் குழியின் சுவரில்தான் தெரியும்.

1945லிருந்து இந்த நிலையம் நாட்டுக்கே பனிச்சரிவு எச்சரிக்கை அறிக்கை தரும் பொறுப்பை ஏற்றது. அதற்குமுன் யுத்தகாலத்தில் ராணுவம் அந்த வேலையைச் செய்துவந்தது. 1951 ஜனவரியில் ஆல்ப்ஸ் முழுக்கப் பனி இடைவிடாமல் கொட்டியது. அந்தக் குளிர்காலத்தில் ஸ்விட்ஜர்லாந்தில் மட்டும் 98 பேர் இறந்தார்கள். வால்ஸ் என்ற ஒரே கிராமத்தில் 19. அந்த மாதத்துப் பனி ஆழ எண்களை ஒரு ஹோட்டல் அறிக்கையாகப் படித்துப் பாருங்கள் - சறுக்குவதற்கு அதைவிட அமோகமான பருவம் இருந்திருக்க முடியாது. எண் ஒன்றே. யார் படிக்கிறார்கள் என்பதைப் பொறுத்து அது அழைப்பாகிறது, சாவாகிறது.

அழைப்பாக மட்டுமே எழுதப்படும்போது எண்ணுக்கு என்ன நேர்கிறது என்பதற்குத் தாவோஸை விட்டு அட்லாண்டிக்கைத் தாண்டிப் போக வேண்டும். அமெரிக்க டார்ட்மவுத் கல்லூரியைச் சேர்ந்த ஜின்மன், ஜிட்ஸெவிட்ஸ் என்ற இரண்டு பொருளாதாரக்காரர்கள் அமெரிக்கா, கனடா சறுக்குத் தலங்கள் தாங்களே தினமும் அறிவிக்கிற புதுப்பனி அளவை அரசாங்க வானிலைத் தகவலோடு ஒப்பிட்டார்கள். 2016இல் கட்டுரை அச்சாயிற்று. ஆய்வின் முந்தைய வடிவத்தில் அவர்கள் சொன்ன கணக்கு: வார நாட்களைவிட வாரக்கடைசியில் 23 சதவீதம் அதிகமாகப் பனி அறிவிக்கப்படுகிறது. மேகத்துக்கு ஞாயிற்றுக்கிழமை தெரியாது. பொய்யால் அதிக லாபம் வரக்கூடிய தலங்கள் அதிகமாகவே பொய் சொல்லியிருக்கின்றன. பிறகு சறுக்குகிறவர்கள் அங்கிருந்தே கைபேசியில் நிலவரத்தை ஒருவருக்கொருவர் தெரிவிக்க வழி வந்ததும் மிகைப்படுத்தல் சட்டென்று குறைந்தது. கைபேசிக்கு சிக்னல் நன்றாகக் கிடைக்கிற மலைகளில் இன்னும் குறைந்தது. இதைப் படித்தபோது நான் சிரித்தேன். நேர்மை சிக்னல் கோபுரத்தைப் பொறுத்தது என்று எந்த நீதிநூலும் நமக்குச் சொல்லித்தரவில்லை.

நான் ஒரு வங்கியில் குமாஸ்தா. எங்கள் வேலையில் தப்பான பதிவை அழிக்க முடியாது. எதிர்ப்பதிவு போட்டுத்தான் சரிசெய்ய வேண்டும். தப்பும் இருக்கும், திருத்தமும் இருக்கும், இரண்டின் தேதியும் இருக்கும். பதிவு செய்கிறவன் யோக்கியனா என்பதை அந்த ஏற்பாடு கேட்பதில்லை. வைஸ்ஃப்ளூயோக்கில் அளந்தவர்கள் எல்லோரும் மகாத்மாக்கள் என்று நினைக்க எனக்கு ஆதாரம் இல்லை. அவர்களிலும் சிலர் சனிக்கிழமை சறுக்கப் போக ஆசைப்பட்டவர்களாகத்தான் இருப்பார்கள். ஆனால் அதே கம்பம், அதே வேளை, நேற்றைய எண்ணுக்குப் பக்கத்தில் இன்றைய எண். நாளைக்கு வருகிறவன் இதற்குப் பக்கத்தில் எழுதப்போகிறான். இந்த வரிசைக்குள் நின்றுகொண்டு எட்டு சென்டிமீட்டரைப் பன்னிரண்டாக்குவது கஷ்டம். ஹோட்டல் பலகையில் நேற்றைய எண்ணை அழித்துவிட்டுத்தான் இன்றையதை எழுதுகிறார்கள்.

இந்த வரிசையும் எல்லாவற்றையும் சொல்லிவிடுவதில்லை. 1999 பிப்ரவரி 23இல் ஆஸ்திரியாவில் கால்ட்யூர் கிராமத்தில், ஆபத்தில்லை என்று வரைபடத்தில் குறித்திருந்த இடத்திலேயே பனிச்சரிவு வந்து 31 பேரைக் கொன்றது. பெரும்பாலோர் சறுக்கி விளையாட வந்து, பாதை அடைபட்டதால் ஊரிலேயே மாட்டிக்கொண்டவர்கள். வரைபடம் போட்டவர்கள் பழைய பதிவுகளைப் பார்த்துத்தான் போட்டார்கள். பதிவில் அப்படி ஒரு நாள் இல்லை. தாவோஸுக்குக் கீழே ஃபிராவன்கிர்ஹ் என்ற இடத்தில் இருக்கிற பழைய தேவாலயத்தின் பின்சுவரைக் கப்பலின் முன்முனைபோலக் கூர்மையாக, மலையைப் பார்த்துக் கட்டியிருக்கிறார்கள். பனிச்சரிவு வந்தால் இரண்டாகப் பிளந்து போகட்டும் என்று. கம்பம் இல்லாத காலத்து ஆட்கள் செய்த ஏற்பாடு அது.

1996இல் ஆராய்ச்சி நிலையம் மலையிலிருந்து இறங்கி ஊருக்குள் வந்துவிட்டது. அளக்கிற நிலம் மேலேயே இருக்கிறது. கருவிகள் பெருகியிருக்கின்றன, கம்பமும் இருக்கிறது. சில வருஷங்களில் ஜூலை ஆரம்பம்வரை பனி கிடக்கும். அதற்கப்புறம் சறுக்குகிறவர்கள் யாரும் இல்லை. கல்லுக்கும் புல்லுக்கும் நடுவே கம்பம் சும்மா நிற்கும். ஆகஸ்டிலும் ஏதாவது ஒரு ராத்திரி கொஞ்சம் பனி விழுந்து, மத்தியானத்துக்குள் கரைந்துபோவது உண்டு.