பேரரசரின் முறைக்காய்ச்சல்

1693ஆம் ஆண்டுக் கோடையில் சீனப் பேரரசர் காங்ஷி காய்ச்சலில் விழுந்தார். பற்கள் கிட்டும் குளிர், பின்னர் அனலாய்க் கொதிக்கும் சூடு, அதன்பின் வியர்வை. ஓய்ந்தது என்று எண்ணும்போது மீண்டும் குளிர். நம் முன்னோர் முறைக்காய்ச்சல் என்றழைத்த அதே மலேரியாதான். அவ்வேளையில் தலைநகர் வந்து சேர்ந்த இயேசு சபைக் குருக்களான ஃபோந்தனே, விஸ்தலூ இருவரிடமும் ஒரு பவுண்டு சிங்கோனா மரப்பட்டை இருந்தது. அதை அவர்களுக்கு அனுப்பி வைத்தவர் புதுச்சேரியிலிருந்த தொலூ அடிகளார். முதலில் நோயாளிகள் சிலருக்குக் கொடுத்துச் சோதித்தார்கள். பின்னர் அரசவைப் பெரியோர் நால்வர் குடித்துப் பார்த்தார்கள். அதன் பிறகே பேரரசர் அருந்தினார், குணமடைந்தார். அரண்மனை நகரின் மதிலுக்குள் குருக்களுக்கு ஒரு வீடும் கிடைத்தது.

இந்நிகழ்ச்சியைச் சொல்வோர் பலரும் இத்துடன் நிறுத்திக்கொள்வர். அரண்மனை மருத்துவர்கள் அறிவிலிகள் என்ற எண்ணமே கேட்போர் உள்ளத்தில் எஞ்சும். அது நியாயமன்று.

அவர்கள் கற்றிருந்த கல்வி மிக ஆழமானது. மஞ்சள் பேரரசரின் பெயரால் வழங்கும் தொன்மையான மருத்துவ நூலில் இக்காய்ச்சலுக்கென்றே தனி இயல் உண்டு. கோடையின் வெப்பம் உடலுக்குள் புகுந்து பதுங்கிக் கொள்கிறது. இலையுதிர் காலத்தில் வியர்த்த உடல்மேல் குளிர்காற்று படும்போது அது கிளர்ந்தெழுகிறது என்கிறது அந்நூல். காய்ச்சல் ஏன் முறை வைத்து வருகிறது? உட்புகுந்த தீங்கு பிடரியில் தொடங்கி நாளுக்கொரு கணுவாக முதுகெலும்பில் கீழிறங்குகிறதாம். உடலைக் காக்கும் உயிராற்றல் அன்றாடம் தன் சுற்றில் வரும்போது அதனோடு மோதுகிறது, அம்மோதலே நடுக்கம். தீங்கு நாளும் ஒரு கணு கீழே போய்விடுவதால் மோதலும் நாளுக்கு நாள் சற்றே பிந்துகிறது. ஒருநாள் விட்டு ஒருநாள் காய்ச்சல் வந்தால், தீங்கு ஆழத்தில் தங்கிவிட்டது என்று பொருள். குளிர் முந்துவது ஒரு வகை, சூடு முந்துவது மற்றொன்று, சூடு மட்டுமே வருவது மூன்றாவது. மருத்துவர் இந்த வகையைக் கண்டறிந்தே மருந்து கொடுப்பார். பெயர் ஒன்றேயாயினும் இரு நோயாளிகளுக்கு இரு வேறு மருந்துகள் தரப்படுவதன் காரணம் இதுவே.

நோய்களின் காரணங்களைச் சென் யென் என்ற மருத்துவர் 1174ஆம் ஆண்டில் மூன்றாக வகுத்தார். காற்று, குளிர், வெயில், ஈரம், வறட்சி, வெப்பம் ஆகியன வெளியிலிருந்து தாக்குபவை. மகிழ்ச்சி, சினம், கவலை, ஓயாச் சிந்தனை, துயரம், அச்சம், திகில் ஆகியன உள்ளிருந்து அழிப்பவை. இரண்டிலும் அடங்காத உணவுக்கேடு, மிகை உழைப்பு, காயம், விலங்குக்கடி முதலியன மூன்றாம் வகை. மிதமிஞ்சிய மகிழ்ச்சியையும் நோய்க்காரணமாகச் சேர்த்தாரே, அதை வாசித்தபோது நான் சற்றுத் திகைத்தேன். துயரமும் சினமும் உடலை அரிப்பதை யார்தான் கண்டதில்லை?

ஆயினும் முதுகெலும்பில் இறங்கும் அந்தத் தீங்கு ஒருபோதும் இருந்ததில்லை. காய்ச்சலின் நேரத்தை நாள்தோறும் அத்துணைக் கூர்மையாகக் கவனித்தவர்கள், கவனித்த அனைத்துக்கும் விடை கையிலிருந்ததால் வேறு காரணம் தேடவில்லை. எல்லாவற்றையும் விளக்கிவிடும் கொள்கைக்கு இந்த ஆபத்து உண்டு. மரப்பட்டை கொடுத்த குருக்களின் நாட்டிலும் கதை வேறன்று. சதுப்பு நிலத்தின் கெட்ட காற்றே காரணம் என்றுதான் ஐரோப்பா நம்பியது. மலேரியா என்ற இத்தாலியச் சொல்லின் பொருளே அதுதான். குணப்படுத்தியது எது என்பது, கொடுத்தவருக்கும் தெரியாது, குடித்தவருக்கும் தெரியாது. குருதியில் வாழும் ஒட்டுண்ணியை லாவரான் கண்டது 1880இல்; கொசுவின் வயிற்றில் அதை ரோஸ் கண்டது 1897இல், செகந்தராபாத்தில்.

பழைய விடையை ஐயுற்ற ஒருவர் சீனத்திலேயே இருந்தார். 1641இல் பல மாநிலங்களில் கொள்ளைநோய் பரவியது. குளிரால் வந்த நோய் என்று கருதி நூல் சொன்னபடியே மருந்து கொடுத்தார்கள், மக்கள் மடிந்தார்கள். நோயாளி பிழைக்காதபோது நூலைக் குறைகூற எந்த மருத்துவருக்குத்தான் எளிதில் மனம் வரும்? வூ யூஷிங் துணிந்தார். பருவங்களின் குளிரும் வெப்பமும் காரணமல்ல என்றும், கண்ணுக்குப் புலப்படாத தனியொரு தீங்கு வாய், மூக்கு வழியே நுழைகிறது என்றும் 1642இல் எழுதினார். மாட்டுக்கு வரும் நோய் ஆட்டுக்கு வராததையும், கோழிக்கு வருவது வாத்துக்கு வராததையும் சுட்டி, ஒவ்வொரு நோய்க்கும் ஒவ்வொரு தீங்கு உண்டென்றார். உருப்பெருக்கிக் கண்ணாடி ஏதுமின்றி, பிணங்களுக்கிடையே நின்று சிந்தித்து இந்த இடத்தை அடைந்தார் அவர்.

பழைய நூல்கள் வீணாகிவிடவும் இல்லை. நான்காம் நூற்றாண்டில் கே ஹாங் எழுதிய குறிப்பொன்று, இக்காய்ச்சலுக்குச் சிங்ஹாவ் என்னும் மூலிகையை நீரில் ஊறவைத்துப் பிழிந்த சாற்றைக் கூறுகிறது. அம்மூலிகையை ஆராய்ந்துவந்த தூ யூயூ அம்மையார், காய்ச்சாமல் பிழியச் சொல்வதைக் கவனித்தார். வெப்பம் மருந்தின் வீரியத்தைக் கெடுக்கிறதோ என்று ஐயுற்று, 1971இல் குறைந்த சூட்டில் சாறெடுத்தார். அதிலிருந்து கிடைத்த ஆர்ட்டிமிசினின் மருந்துக்காக 2015இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

மரப்பட்டை கொண்டுசென்ற இருவருள் விஸ்தலூ, 1709இல் புதுச்சேரிக்கே வந்து சேர்ந்தார். ஐந்நூறுக்கும் மேற்பட்ட சீன நூல்களைத் தம்முடன் கொண்டுவந்தார். 1737இல் இறக்கும்வரை அவற்றைப் படிப்பதிலும் அவற்றைப் பற்றி எழுதுவதிலுமே தம் நாள்களைச் செலவிட்டார்.