தாயக்கட்டத்தில் வெட்டும் பயணமும்

ஆட்டங்களில் இரு பெரும் வகைகள் உண்டு. வழிகடந்து இலக்கை அடையும் பயண ஆட்டம் ஒன்று. எதிரியை மடக்கும் போர் ஆட்டம் மற்றொன்று. பரமபதம் முதல் வகை. ஆடுபுலி ஆட்டமும் சதுரங்கமும் இரண்டாம் வகை. இவ்விரண்டையும் ஒரே ஆட்டத்தில் சேர்த்தால், ஒன்று மற்றொன்றை விழுங்கிவிடாமல் காப்பது எப்படி? இக்கேள்விக்கு நம் திண்ணைகளிலேயே ஒரு விடை உண்டு. அதுதான் தாயம்.

பகடை நமக்குப் புதிதன்று. கீழடி அகழாய்வில் பகடையும் சுடுமண் ஆட்டக்காய்களும் கிடைத்துள்ளன. தாயத்தின் விதிகள் ஊருக்கு ஊர் சற்று மாறும். பரவலாக வழங்கும் 5×5 கட்டத்தை இங்கு எடுத்துக்கொள்வோம். வெளிச்சுற்றில் 16 கட்டங்கள், உட்சுற்றில் 8, நடுவில் 1. நடுக்கட்டத்தை அடைந்த காய் 'பழம்'. குறுக்குக் கோடிட்ட கட்டம் 'மலை'. அங்கு நிற்கும் காயை வெட்ட முடியாது. தாயம் விழுந்தால்தான் காய் இறங்கும். இறங்கிய காய் பழமாவதற்கு 24 கட்டம் நகர வேண்டும்.

கட்டை சொல்லும் கணக்கு

பித்தளைத் தாயக்கட்டைக்கு நான்கு பக்கங்கள். புள்ளிகள் 0, 1, 2, 3. இரண்டு கட்டைகளை உருட்டினால் 16 விதமாக விழலாம். அவற்றுள் 1 என்னும் தாயம் விழும் வகை 2. இரண்டு விழ 3, மூன்று விழ 4, நான்கு விழ 3, ஐந்து விழ 2, ஆறு விழ 1. இரண்டு கட்டையும் வெறுமையாக விழுந்தால் அது 12. அதற்கும் ஒரே வகைதான்.

ஆகவே ஓர் உருட்டலின் சராசரி 60/16, அதாவது 3.75. 1, 5, 6, 12 விழுந்தால் மீண்டும் உருட்டலாம். இதற்கு 16-இல் 6 வாய்ப்பு. எனவே ஒருவர் முறைக்குச் சராசரியாக 1.6 உருட்டல்கள் கிடைக்கும். 3.75ஐ 1.6ஆல் பெருக்குங்கள்: சரியாக 6 கட்டம். தனிக்காய் ஒன்று தடையின்றிச் சென்றால், சுமார் நான்கே முறைகளில் பயணம் முடிந்துவிடும்!

ஒரு வெட்டு வேண்டும்

இங்குதான் நம் முன்னோரின் நுட்பம் விளங்குகிறது. எதிரியின் காய் ஒன்றையேனும் வெட்டாதவர் உட்சுற்றுக்குள் நுழையக் கூடாது என்று விதித்தார்கள். மலைக்கு மலை தாவி ஒதுங்கிச் செல்பவருக்குப் பழம் இல்லை. அதே சமயம் வெட்டிக்கொண்டே இருப்பவருக்கும் வெற்றி இல்லை. பழம் எடுத்தால்தான் வெற்றி. வெட்டத் துணிந்து வெளியே நிற்கும் காய் தானும் வெட்டுப்படலாம். வெட்டுப்பட்டால் மீண்டும் தாயத்துக்குக் காத்திருக்க வேண்டும். அது சராசரியாக 8 உருட்டலுக்கு ஒரு முறைதான் விழும். எதிரி 3 கட்டம் முன்னே நின்றால் ஒரே உருட்டலில் வெட்டும் வாய்ப்பு 16-இல் 4. 6 கட்டம் முன்னே நின்றால் 16-இல் 1. எங்கே நிற்பது, எப்போது பாய்வது என்பதே ஆட்டத்தின் சாரம்.

உத்திரமேரூர்க் கோயில் சுவரில் உள்ள முதற் பராந்தக சோழரின் கல்வெட்டுகளையும் (919, 921) இங்கு நினைக்கலாம். சபை உறுப்பினரைக் குடவோலைச் சீட்டுத்தான் தேர்ந்தது. ஆனால் வயது, நிலம், கல்வி முதலிய தகுதி உடையவர் பெயர் மட்டுமே குடத்தில் விழுந்தது. குருட்டு வாய்ப்பை விதியால் வேலியிடும் கலை இவ்வட்டாரத்துக்குப் பழையதே.

மேலை நாட்டில்

1896-இல் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்ற லூடோ, நம் நாட்டுப் பச்சீசியிலிருந்து பிறந்தது. அதில் யாரையும் வெட்டாமலே வீடு சேரலாம்.

இதே சிக்கல் 1974-இல் அமெரிக்காவில் புது வடிவில் எழுந்தது. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்னும் இருவர் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்னும் கற்பனைச் சாகச ஆட்டத்தை வெளியிட்டனர். மேசையைச் சுற்றி அமர்வோருள் ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் வீரர்களாகவும் மந்திரவாதிகளாகவும் நிலவறைகளைத் துருவிப் பார்ப்பார்கள். போர் விதிகள் 1971-இல் வந்த 'செயின்மெயில்' என்னும் போர் ஆட்டத்திலிருந்து வந்தன. காட்டுப் பயணத்துக்கு 1972-இல் வந்த 'அவுட்டோர் சர்வைவல்' ஆட்டத்தின் வரைபடம் பயன்பட்டது.

இரண்டையும் சமன் செய்தது புள்ளி விதி. மீட்டு வந்த பொற்காசு ஒன்றுக்கு ஓர் அனுபவப் புள்ளி. பூதத்தைக் கொன்றாலும் புள்ளி உண்டு. ஆனால் 1975-இல் வந்த இணைப்பு நூல் அதை வெகுவாகக் குறைத்தது. எனவே பூதத்தோடு மோதாமல் சுற்றிப் போய்ப் புதையலை எடுப்பதே அறிவுடைமை ஆயிற்று. 1989-இல் பொற்காசுப் புள்ளி விருப்ப விதியாகச் சுருங்கியது. 2000-இல் வந்த மூன்றாம் பதிப்பில் பெரும்பாலான புள்ளிகள் எதிரிகளை வெல்வதற்கே கிடைத்தன. ஆட்டமும் போர்ப்பக்கம் சாய்ந்தது. 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பு தேடலையும் உரையாடலையும் போரையும் ஆட்டத்தின் மூன்று தூண்கள் என்று சொல்ல வேண்டியதாயிற்று.

எதற்குப் பரிசோ அதை நோக்கியே மனிதர் நகர்வார்கள். ஆட்டத்துக்கு மட்டுமன்று, ஆய்வுக்கூடத்துக்கும் இது பொருந்தும். விடைக்கு மட்டும் மதிப்பெண் என்றால், மாணவன் அளவீட்டைப் புத்தகத்தின் விடைக்கு ஏற்ப வளைத்து எழுதுவான். அளக்கும் முறைக்கும் மதிப்பெண் உண்டென்றால் கருவியை உற்றுப் பார்ப்பான்.

நீங்களே சோதித்துப் பாருங்கள். கட்டைகளை 160 முறை உருட்டிக் குறித்துக்கொள்ளுங்கள். தாயம் 20 முறைக்கு அருகில் வருகிறதா? பிறகு வெட்டு விதியோடு ஓர் ஆட்டம், விதியின்றி ஓர் ஆட்டம் ஆடி, எத்தனை வெட்டுகள் நடந்தன என்று எண்ணுங்கள். ஒரே ஒரு விதியின் வலிமை உங்கள் குறிப்பேட்டிலேயே தெரியும்.