காட்டுக்குள்ள எந்த ஆப்பை நம்பலாம்?

"மலையேறப் போறேன், எந்த மேப் ஆப் நல்லது?"ன்னு நண்பர் ஒருத்தர் கேட்டார். கொஞ்சம் ஃப்ளாஷ்பேக் போவோம் மக்களே.

2000 மே மாதம் வரை பொதுமக்களுக்கான ஜி.பி.எஸ். சிக்னலில் அமெரிக்க ராணுவம் வேணும்னே பிழையைக் கலந்து அனுப்பியது. 100 மீட்டர் வரை தள்ளிக் காட்டும். காட்டுக்குள்ள 100 மீட்டர்னா பாதையே வேற! மே 2-ம் தேதி கிளின்டன் அரசு அதை நிறுத்தியது.

அதே வருஷம் பிப்ரவரியில் எண்டவர் விண்வெளி ஓடம் 11 நாள் சுற்றி, ரேடாரால் பூமியின் மேடு பள்ளத்தை அளந்தது. இன்னைக்குப் பல ஆப்களில் தெரியும் சம உயரக் கோடுகள் அதோட புண்ணியம்தான். ஆனா சுமார் 30 மீட்டருக்கு ஒரு புள்ளி. நடுவில் சின்னப் பாறைச் சரிவு இருந்தா கோட்டில் தெரியாது. அடர்ந்த காட்டில் தரையை விட மரத்தலையைத்தான் ரேடார் அதிகம் பார்த்திருக்கும்.

இது தெரியாம போன வருஷம் மேற்குத் தொடர்ச்சி மலையில் குறுக்கு வழியில் இறங்கினேன். கோடுகள் தள்ளித் தள்ளி இருந்துச்சு, சரிவு கம்மின்னு நினைச்சேன். கீழே செங்குத்துப் பாறை. திரும்பி ஏற இரண்டு மணி நேரம், பாட்டிலில் தண்ணி காலி. கூட வந்தவன் இன்னும் திட்டுறான்.

பாதைகளின் கதை வேற. 2004-ல் இங்கிலாந்தில் ஸ்டீவ் கோஸ்ட் தொடங்கிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் நம்மளை மாதிரி ஆட்கள் சேர்த்ததுதான் அதிகம். ஆஸ்ம்அண்ட், ஆர்கானிக் மேப்ஸ் ரெண்டுக்கும் சரக்கு அங்கிருந்துதான். யாரும் வரையாத பாதை ரெண்டிலும் இருக்காது.

நண்பருக்குச் சொன்னது இதுதான்: ஆஸ்ம்அண்ட் போடுங்க, மேப்பை வீட்டிலேயே இறக்கிக்கோங்க, ஏறும்போதே தடத்தைப் பதிவு பண்ணுங்க, அதே தடத்தில் இறங்குங்க. குறுக்கு வழி வேணாம் சாமி!