ஜாகை மாற்றம்

நம்மவர்களுக்கு ஜாகை மாற்றுவது என்பது கல்யாணத்துக்கு அடுத்தபடியான காரியம். ஆடியில் கூடாது, மார்கழியில் கூடாது. புரட்டாசி என்றால் சிலர் தலையைச் சொறிவார்கள். நாள் பார்த்து, நேரம் பார்த்து, முதலில் உப்பும் மஞ்சளும் குத்துவிளக்கும் நிறைகுடமும் புது வீட்டுக்குள் போக வேண்டும். பிறகு பால் காய்ச்ச வேண்டும். அது பொங்கி வழிய வேண்டும். சாமான் வண்டி எல்லாம் அதற்கப்புறந்தான். இத்தனை ஏற்பாடும் எதற்கு? பயந்தான் காரணம். பழைய வீட்டின் மூட்டைப்பூச்சியைக்கூட மனுஷன் அறிந்து வைத்திருக்கிறான். புது வீட்டின் சுவர்ப்பல்லி நல்ல சகுனம் சொல்லுமா, கெட்ட சகுனம் சொல்லுமா என்பது அவனுக்குத் தெரியாது.

அதனால்தான் வீடு தேடுகிற குடும்பஸ்தர் வாடகையைக் கேட்பதற்கு முன்பே, "பேட்டை எப்படி?" என்று கேட்கிறார். பக்கத்தில் கோயில் உண்டா, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் உண்டா, நாலு எட்டில் கடைத்தெரு உண்டா, குழாயில் தண்ணீர் வருமா, ராத்திரி ஒன்பது மணிக்குப் பெண்கள் தெருவில் நடக்கலாமா? சுருக்கமாக, நாலு குடும்பம் ஏற்கெனவே வாழ்ந்து பழக்கி வைத்த இடமாக இருக்க வேண்டும். நியாயமான ஆசைதான். ஆனால் ஒரு விஷயம் யோசிக்கத் தக்கது. எல்லாரும் பழகிய பேட்டையையே தேடினால், ஒரு பேட்டை பழகுவது எப்படி? யாராவது ஒருவர் முதலில் போய் அங்கே அடுப்பு மூட்டியிருக்க வேண்டும். அவர் அடுப்பு மூட்டுவதற்காக அங்கிருந்து எதையாவது அப்புறப்படுத்தியும் இருக்க வேண்டும்.

திருவண்ணாமலையிலிருந்து சங்கராபுரம், கள்ளக்குறிச்சி போகிற சாலையில் தென்பெண்ணையைக் கடந்ததும் மூங்கில்துறைப்பட்டு என்ற ஊர் வருகிறது. இன்று அது கள்ளக்குறிச்சி மாவட்டம். 2019-க்கு முன் விழுப்புரம், 1993-க்கு முன் தென்னாற்காடு. ஊர் இருந்த இடத்திலேயே இருக்க, மாவட்டங்கள் அதன் மேலே ஜாகை மாற்றிக்கொண்டு போயிருக்கின்றன! சுற்றுவட்டாரத்தில் அந்த ஊரின் பெயரைச் சொன்னால் கூட்டுறவு சர்க்கரை ஆலைதான் நினைவுக்கு வரும். எனக்கு ஆலையைவிடப் பெயரில் ருசி அதிகம். மூங்கில், துறை, பட்டு. தண்டராம்பட்டு, சேத்துப்பட்டு, செங்கல்பட்டு என்று இந்த வட்டாரங்களில் 'பட்டு' என்று முடியும் ஊர்கள் எத்தனையோ. பாக்கம், பாடி, குப்பம் என்பவையும் குடியிருப்பைச் சொல்லும் சொற்களே. ஒவ்வொரு பெயரும், 'இங்கே ஒரு காலத்தில் சிலர் மூட்டையை இறக்கி வைத்தார்கள்' என்பதற்கு எழுதிக் கொடுத்த சீட்டு.

இந்தச் சீட்டில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. முதலில் மூட்டையை இறக்கியவர்கள் பேட்டை எப்படி என்று கேட்க வழியில்லை. அங்கே பேட்டையே இல்லை. ஆற்றை எங்கே கடக்கலாம், தண்ணீர் எங்கே எடுக்கலாம், கூரைக்கும் வேலிக்கும் மரம் எங்கே கிடைக்கும் என்றுதான் அவர்கள் பார்த்திருப்பார்கள். துறையும் மூங்கிலும் ஊர்ப் பெயரிலேயே நிலைத்துவிட்டன.

அங்கிருந்து மேற்கே நிமிர்ந்து பார்த்தால் கல்வராயன் மலை. அதில் வாழும் மலையாளி மக்களுக்கும் கேரளத்துக்கும் சம்பந்தமில்லை; மலையை ஆள்கிறவர்கள் என்ற பொருளில் வந்த பெயர் அது. தாங்கள் மலையிலேயே பிறந்த குலம் என்று அவர்கள் சொல்லிக்கொள்வதில்லை என்பதுதான் ஆச்சரியம். காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்கிறார்கள். பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என்று மூன்று சகோதரர்கள் காஞ்சியை விட்டுக் கிளம்பி, ஆளுக்கொரு மலையாகப் பிரிந்து குடியேறினார்களாம். 1909-இல் தென்னிந்திய ஜாதிகளைப் பற்றி ஏழு தொகுதிகள் வெளியிட்ட எட்கர் தர்ஸ்டனும் இந்தக் கதையைக் குறித்து வைத்திருக்கிறார். கதையில் வரும் சகோதரர்கள் கரியராமன் என்ற தங்கள் தெய்வத்தையும் கூடவே கொண்டுவந்தார்கள்.

இது சரித்திரமா, கதையா என்று வாதாடுவதற்கு நான் வரவில்லை. ஆனால் குடிபெயர்கிற மனிதரின் மனசு இதில் அப்படியே இருக்கிறது. பெற்ற ஊரின் பெயரை மறக்கக் கூடாது. சாமியை விட்டுவிட்டுப் போகக் கூடாது. அண்ணன் தம்பி எந்த மலையில் இருக்கிறான் என்று தெரிந்திருக்க வேண்டும். பட்டணத்தில் வாடகை வீட்டுக்குள் குத்துவிளக்கை முதலில் எடுத்துப் போகிற நம் வீட்டு அம்மாள், கரியராமனைச் சுமந்து மலையேறியவர்களின் காரியத்தையேதான் செய்கிறாள். சுமை சிறிதாகிவிட்டது, அவ்வளவுதான். அந்த மலையில் பல காலம் ஜாகிர்தார்களின் ஆட்சி நடந்தது. 1976-இல்தான் சர்க்கார் நேரடியாகப் பொறுப்பேற்றது.

சமவெளியில் இருந்தவர்களுக்கு வழி வேறு திசையில் திறந்தது. 1891-இல் விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலை வழியாகக் காட்பாடிக்கு ரயில் ஓடத் தொடங்கியது. 1908-இல் எழும்பூர் ஸ்டேஷன் திறக்கப்பட்டது. பெண்ணைக் கரையிலிருந்து மாட்டு வண்டியில் கிளம்பினவர், திருவண்ணாமலையில் ரயிலேறி, விழுப்புரத்தில் மாறி, எழும்பூரில் தகரப் பெட்டியோடு இறங்கலாம் என்று ஆயிற்று. படிக்கப் போன பையன், குமாஸ்தா வேலைக்குப் போன மருமகன், வழக்குக்காகப் போன மிராசுதார் என்று ஒவ்வொருவராகப் போனார்கள். போனவர்கள் திரும்பி வந்து சொன்ன முதல் அதிசயம் கடற்கரை அல்ல. அங்கே ஒரு வீட்டுக்குள் பத்துக் குடும்பம் இருக்கிறது என்பதுதான்.

பட்டணத்தில் பழகிய பேட்டைகள் என்று அப்போது சொல்லத் தக்கவை சில. பழைய கறுப்பர் பட்டணம் 1911-இல் ஜார்ஜ் டவுன் என்று பெயர் மாற்றிக்கொண்டது, வியாபாரிகளின் இடம். திருவல்லிக்கேணிக்குப் பார்த்தசாரதி, மயிலாப்பூருக்குக் கபாலீசுவரர். கோயிலைச் சுற்றித் தெரு, தெருவுக்குள் 'ஸ்டோர்' வீடு. நடுவில் முற்றம், ஒரு கிணறு, ஒரு குழாய், சுற்றிலும் குடித்தனங்கள். இதற்கு நம்மவர்கள் வைத்த பெயர் 'ஒண்டுக் குடித்தனம்'. அந்தச் சொல்லிலேயே தோளைக் குறுக்கிக்கொண்டு நிற்கிற ஒரு மனிதர் தெரிகிறார். குழாயடியில் சண்டை உண்டு. ஆனால் குழந்தைக்குச் சுரம் என்றால் பத்து வீட்டுப் பெண்களும் கஷாயத்தோடு வந்து நிற்பார்கள். பழகிய பேட்டை என்பதன் பலமும் தொல்லையும் இந்த முற்றத்தில்தான் இருந்தன.

தொல்லை என்று சொன்னேனே, அது சிலருக்குத் தொல்லையோடு நிற்கவில்லை. 1911-இல் சென்னை மாகாணத்தில் பி.ஏ. பட்டம் பெற்ற முதல் இந்து விதவை சகோதரி சுப்பலட்சுமி. அடுத்த வருஷம் எழும்பூரில், தம்மைப் போன்ற இளம் விதவைப் பெண்கள் சிலரைச் சேர்த்துத் தங்க வைத்துப் படிக்க ஏற்பாடு செய்தார். வெளியே கிளம்பும்போது விதவை எதிரே வந்தால் திரும்பி உள்ளே போகிற காலம் அது. அப்படிப்பட்ட பெண்கள் கூட்டமாகத் தெருவில் நடப்பதை எந்தக் குடும்பத் தெரு விரும்பும்? கடைசியில் அந்த விடுதிக்கு வாய்த்த பெரிய இடம் எது தெரியுமா? கடற்கரையிலிருந்த ஐஸ் ஹவுஸ். அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமித்து வைக்க 1842-இல் கட்டிய கட்டடம். குடும்பங்களுக்கு ஏற்ற இடம் என்று நாம் சொல்லும்போது, எந்தக் குடும்பங்களுக்கு என்று கேட்க வைக்கிறது அந்தக் கட்டடம். விவேகானந்தர் இல்லம் என்ற பெயரோடு இன்றும் அது நிற்கிறது.

இந்த நிலையில்தான் மாம்பலம் வருகிறது. நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம் வரை மவுண்ட் ரோடின் மேற்கே ஒரு நீண்ட ஏரி கிடந்தது. வெள்ளைக்காரத் துரைகள் அதில் படகுப் பந்தயம் விட்டார்கள். ஏரி நீர் வயல்களுக்குப் பாய்ந்தது. பட்டணத்தில் ஜனம் பெருகியது. 1920-இல் நகர அமைப்புச் சட்டம் வந்தது. நீதிக்கட்சி மந்திரிசபை, பனகல் ராஜாவின் தலைமையில், 1923-ஐ ஒட்டி ஏரியைத் தூர்த்து ஒரு புது நகரம் வகுக்க முற்பட்டது. 1925-இல் காலமான சர் பிட்டி தியாகராயச் செட்டியாரின் பெயரில் அது தியாகராய நகர் ஆயிற்று. பூங்காவுக்குப் பனகல் பெயர், சாலைகளுக்கு உஸ்மான், ஜி.என். செட்டி, டாக்டர் நாயர் பெயர்கள். கடைத்தெருவுக்குச் சௌந்தரபாண்டியனார் பெயர். ஜனங்கள் அதைப் பாண்டி பஜார் ஆக்கிக்கொண்டார்கள்.

முதலில் போனவர்களைப் பற்றி மயிலாப்பூர்க்காரர்களுக்குப் பரிதாபம். "மாம்பலமா? அங்கே நரி ஊளையிடுமே!" என்பார்கள். ஆனால் 1931-இல் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் ஓடத் தொடங்கியதும் பேச்சு மாறியது. ஆபீஸுக்குப் போய்வரச் சுலபம். தனி வீடு, தனிக் கிணறு, முன்னால் நாலு செடி. பிள்ளைகளுக்கு ராமகிருஷ்ணா மிஷன் பள்ளிகள். பிராமணரல்லாதார் கட்சி வகுத்த நகரில் பிராமண குடும்பங்களும் திரளாக வந்து குடியேறின. ரயில் பாதைக்கு மேற்கே வாடகை குறைவு, கொசு அதிகம். யானைக்கால் வியாதிக்கே பெயர்போன இடமாக இருந்தது அது. ஒரே மாம்பலம், ஒரே தண்டவாளம், இரண்டு தலையெழுத்து.

பழகிய பேட்டை எவ்வளவு சீக்கிரம் பழக்கமற்றுப் போகும் என்பதையும் அந்தத் தலைமுறை பார்த்துவிட்டது. 1942 ஏப்ரல் 5-ஆம் தேதி ஜப்பான் விமானங்கள் கொழும்பில் குண்டு போட்டன. மறுநாள் விசாகப்பட்டினம், காக்கிநாடா. அவசியமில்லாதவர்கள் வெளியேறலாம் என்று சர்க்கார் சொன்னதும் பட்டணம் காலியாயிற்று. மிருகக்காட்சி சாலையில் கொடிய மிருகங்களைச் சுட்டுக் கொன்றார்கள். வீட்டுக்கு வீடு 'டூ லெட்' பலகை தொங்கியது. எந்தக் கிராமத்தை விட்டு மூன்று தலைமுறைக்கு முன் கிளம்பினார்களோ அந்தக் கிராமத்துத் திண்ணையிலேயே பட்டணத்து வக்கீலும் குமாஸ்தாவும் போய் உட்கார்ந்தார்கள். குண்டு பெரிதாக விழவில்லை, ஜனங்கள் திரும்பினார்கள். திரும்பினபோது வீடு கிடைக்கவில்லை. வாடகை ஏறியது. 1946-இலும், பிறகு 1949, 1960-இலும் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டங்கள் வந்தன. வீடு காலியானால் சர்க்காருக்கு அறிவிக்க வேண்டும் என்றும் விதி இருந்தது. அந்தச் சட்டம் போய் 2019-இல் புதுச் சட்டம் அமலுக்கு வந்துவிட்டது. ஆனால் வீட்டுக்காரர், ஊரையும் ஜாதியையும் சாப்பாட்டையும் சுற்றிவளைத்து விசாரிக்கிற வழக்கத்துக்கு மட்டும் எந்தச் சட்டமும் எட்டவில்லை.

ஏரியின் கதை இன்னும் முடியவில்லை. நுங்கம்பாக்கத்தில் டாங்க் பண்ட் ரோடு இருக்கிறது. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இருக்கிறது. ஏரிக்கரையும் இல்லை, பார்ப்பதற்கு ஏரியும் இல்லை. மிச்சமிருந்த ஏரி நிலத்தில் 1976-இல் வள்ளுவர் கோட்டம் எழுந்தது. ஆனால் 2021 நவம்பரில் பெருமழை பெய்தபோது தியாகராய நகரின் பெரிய சாலைகளிலே தண்ணீர் நாள்கணக்கில் நின்றது. தூர்த்தவர்களை ஏரி மறந்தாலும், தான் இருந்த பள்ளத்தை அது மறப்பதில்லை. மூன்று வருஷங் கழித்து, 2024 டிசம்பரில், பெண்ணையும் அப்படியே செய்தது. 1958-இல் கட்டி முடித்த சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு 1,68,000 கன அடி வரை திறந்துவிட நேர்ந்தது. கரையோர ஊர்கள் நள்ளிரவில் தவித்தன.

ஆற்றங்கரையில் குடியேறினவர்களுக்கு ஆறு எதிரே தெரிந்தது. அதன் பெயரையே ஊருக்குப் பாதி வைத்துக்கொண்டு, 'இங்கே துறை உண்டு, ஜாக்கிரதை' என்று பேரப் பிள்ளைகளுக்கும் சொல்லிப் போனார்கள். ஏரிக்குள் குடியேறினவர்களுக்கோ ஏரியின் பெயரைச் சொல்வாரில்லை. தலைவர்களின் பெயர்தான் தெருக்களுக்கு. இது அந்தத் தலைவர்களின் குற்றமல்ல. வீடில்லாத ஜனங்களுக்கு வீடு வேண்டியிருந்தது, அவர்கள் செய்தார்கள். பத்துக் குடித்தனத்துக்கு ஒரு குழாய் என்றிருந்த பெண்களைக் கேட்டால், ஏரியைத் தூர்த்தது சரியே என்றுதான் சொல்லியிருப்பார்கள். இரண்டு நியாயங்களும் உண்மை என்பதால்தான் விஷயம் எளிதில் தீரவில்லை.

ஆகவே, புது வீட்டில் பால் காய்ச்சப் போகிறவர்களுக்கு ஒரு யோசனை. கோயில், பள்ளிக்கூடம், கடைத்தெரு எல்லாம் விசாரியுங்கள். அது உங்கள் உரிமை. கூடவே அந்தத் தெருவில் வயசானவர் யாராவது இருந்தால், "முன்னே இங்கே மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும்?" என்று கேட்டு வையுங்கள். அதற்கு அவர் பதில் சொல்லி முடித்ததும், "இங்கே முதலில் வந்தவர்கள் யார், அவர்களுக்கு முன்னே இருந்தவர்கள் எங்கே போனார்கள்?" என்றும் கேளுங்கள். அரை மணி நேரம் பேசுவார். அதற்குள் பால் பொங்கிவிடும். அவருக்கும் ஒரு தம்ளர் கொடுத்துவிடலாம்.