சோடியம் கால்வாயும் வலி மருந்தும்

வலியை மூளைக்குச் சுமந்து செல்வது நரம்பில் ஓடும் மின்துடிப்பு. நரம்புச் செல்லின் சவ்விலுள்ள சோடியம் கால்வாய்கள் திறந்து அயனிகள் உள்ளே பாய்ந்தால்தான் அந்தத் துடிப்பு எழும். இது தெரியவருவதற்கு வெகுகாலம் முன்பே அக்கால்வாய்களை அடைக்கும் மருந்துகள் புழக்கத்துக்கு வந்துவிட்டன. 1884இல் வியன்னா மருத்துவர் கார்ல் கோலர் கண் அறுவைக்குக் கொக்கெய்ன் சொட்டுகளைப் பயன்படுத்தினார். 1943இல் ஸ்வீடனில் நில்ஸ் லோஃப்கிரென் உருவாக்கிய மருந்துதான் இன்று பல் பிடுங்குமுன் ஈறில் போடப்படும் லிக்னோகெய்ன். நரம்புத் துடிப்பில் சோடியத்தின் பங்கை ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் ஊசிக்கணவாயின் பெரிய நரம்பிழையில் அளந்து காட்டியது 1952இல்தான்.

பழைய மருந்துகளுக்கு ஒரு பெருங்குறை உண்டு. அவை எல்லாக் கால்வாய்களையும் அடைப்பவை. இரத்தத்தில் அதிகம் கலந்தால் இதயமும் மூளையும் தடுமாறும். அதனால் ஓரிடத்தை மட்டும் மரக்கச் செய்யவே பெரும்பாலும் உதவின.

சோடியம் கால்வாயில் ஒன்பது வகைகள் உண்டு என்பது பின்னர் தெரிந்தது. எண்ணிட்டு அழைக்கப்படும் அவற்றில் 1.5 இதயத்துக்குரியது, 1.7, 1.8, 1.9 ஆகியவை வலி நரம்புகளில் மிகுதி. 2006இல் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ஜெஃப்ரி வுட்ஸ் குழு வடபாகிஸ்தான் குடும்பங்களை ஆராய்ந்தது. அங்கே பிறவியிலேயே வலி அறியாத பிள்ளைகளுக்கு 1.7 கால்வாயின் மரபணு பழுதுபட்டிருந்தது. தெருவில் தணல்மேல் நடந்து வித்தை காட்டிய சிறுவன் ஒருவன்தான் அந்த ஆய்வுக்கே தூண்டுகோல். கூரையிலிருந்து குதித்து, பதினான்கு வயது நிறையுமுன் அவன் இறந்துபோனான்.

மருந்து நிறுவனங்கள் 1.7ஐ மொய்த்தன. ஃபைசரின் மாத்திரை நீரிழிவு நரம்பு வலியில் எதிர்பார்த்த பலன் தரவில்லை. மற்றவையும் பெரிதாகத் தேறவில்லை. 2015இல் லண்டன் ஆய்வாளர்கள் ஒரு காரணத்தைச் சுட்டினர். 1.7 இல்லாத உடல் தனக்குள்ளேயே அபினி போன்ற பொருளைக் கூடுதலாகச் சுரக்கிறது. அதை முறிக்கும் நலாக்சோன் கொடுத்ததும், பிறந்ததிலிருந்து வலியே அறியாத ஒரு பெண்ணுக்கு வலி தெரிந்தது. அபினி வகைக்கு மாற்றுத் தேடியவர்களுக்கு இது சங்கடமான விடைதான்.

பலன் வந்தது 1.8இல். வெர்டெக்ஸ் நிறுவனத்தின் சுசெட்ரிஜினுக்கு 2025 ஜனவரி 30 அன்று அமெரிக்கா அனுமதி அளித்தது. 1.8 மூளையில் இல்லையெனும் அளவுக்குக் குறைவு என்பதால் பழக்கமாகிவிடும் அச்சம் இல்லை. ஆனால் அனுமதி திடீர் வலிக்கு மட்டுமே. அறுவைக்குப் பிந்தைய வலியில் அது ஹைட்ரோகோடோன்–பாராசிட்டமால் கலவையை விஞ்சவில்லை. முதுகிலிருந்து காலுக்கு இறங்கும் நாட்பட்ட நரம்பு வலியிலோ வெற்று மாத்திரையும் ஏறக்குறைய அதே அளவு நிவாரணம் தந்தது.